வெடிப்பை மூடுவதற்கு முன் ஒரு படம் எடுங்கள்

2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்குக் கிழக்கே கடலடியில் ஏறத்தாழ 5.5 ரிக்டர் அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. நகர்ந்த நிலப்பிளவு (நிலத்தடிப் பாறை முறிந்து, இரு பக்கமும் ஒன்றையொன்று உரசி நகரும் இடம்) கடலுக்கடியில் இருந்ததால், கரையில் நின்று அதைக் காண வழியில்லை. ஆயினும், தரையில் வெடிப்பு தெரிந்தாலே தங்கள் வீட்டுக்கு அடியில் பிளவு ஓடுகிறதோ என்று கடலூர், புதுச்சேரிப் பகுதி மக்கள் எங்களைப் போன்ற நிலவியலாளர்களிடம் கவலையோடு கேட்கிறார்கள்.

நிலப்பிளவு தரைமட்டத்தை எட்டினால் வாய்க்கால், தார்ச்சாலை எதுவானாலும் ஊடறுத்து ஒரே திசையில் நெடுகச் செல்லும். குறுக்கே கிடக்கும் வரப்பு அறுபட்டு, ஒரு துண்டு மற்றதற்கு நேராக இல்லாமல் விலகி நிற்கும். அந்த விலகலைத்தான் நாடா பிடித்து அளக்கிறோம். 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியில் 7.8 அளவு நிலநடுக்கம் தரையை 300 கி.மீ.க்கு மேல் கிழித்தது. சாலைகளும் வேலிகளும் சில மீட்டர் விலகின. ஆனால் அப்போது உலகெங்கும் படமாகப் பரவிய, இரண்டாகப் பிளந்த ஆலிவ் தோப்பு, சரிவில் மண் வழுக்கியதன் விளைவே.

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தை உலுக்கிய பேரதிர்விலும் நகர்ந்த பிளவு மேலே வரவில்லை. மாறாக, 1993 செப்டம்பர் 30 அன்று பத்தாயிரம் பேரளவில் உயிரிழந்த, மகாராஷ்டிரத்தின் கில்லாரியில், அளவு 6.2 மட்டுமே என்றாலும், வயல்களில் தரை மேலெழுந்த தடங்கள் தெரிந்தன. அவற்றின் குறுக்கே குழி வெட்டி, மண்ணடுக்குகள் எங்கே முறிந்துள்ளன என்று ஆராய்ந்தார்கள். ஆக, அதிர்வின் அளவை மட்டும் வைத்துப் பிளவு தெரியுமா என்று சொல்ல முடியாது.

தென்பெண்ணையும் கெடிலமும் கொண்டுவந்த மணலும் வண்டலும் படிந்து, நிலத்தடி நீரும் மேலாகவே இருக்கும் நம் கரையோரத்தில், வலுத்த அதிர்வு வந்தால் நான் முதலில் தேடுவது மணற்கொப்புளங்களைத்தான். நீரில் ஊறிய மணல் அதிர்வில் இறுக்கம் இழந்து, குழம்பாகி மேலே பீறிடும். விரலளவு துளையைச் சுற்றி நுண்மணல் எறும்புப்புற்றின் வாய்போலக் குவிந்திருக்கும். அருகில் ஆற்றங்கரைக்கு இணையாக ஓடும் வெடிப்புகள் பெரும்பாலும் கரை நீர்ப்பக்கமாகச் சாய்ந்ததால் வருபவை. வீட்டின் அடித்தளத்துக்கு இதுவும் ஆபத்தே என்பதால் அலட்சியம் கூடாது.

ஒரு மழையிலோ ஒரு லாரி மண்ணிலோ இத்தடயங்கள் அழிந்துவிடும். ஆகவே வெடிப்பை மூடுவதற்கு முன் அளவுகோலையோ பேனாவையோ அருகில் வைத்துப் படம் எடுங்கள். எந்தப் பக்கம் உயர்ந்துள்ளது, எத்திசையில் ஓடுகிறது, எப்போது பார்த்தீர்கள் என்று எழுதி, ஆட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள்.