பல்வலிக்கு யார் காரணம்? ஆமையோட்டைக் கேள்

கி.மு. 1200 வாக்கில் வட சீனாவை ஆண்ட ஷாங் வம்சத்து அரசன் வூ டிங்குக்குப் பல் வலித்தது. நாமாக இருந்தால் சொத்தையா, ஈறு வீக்கமா என்று பார்ப்போம். அவனுடைய ஆட்கள் கேட்டது வேறு: செத்துப்போன பெரியவர்களில் இந்த வேலையைச் செய்வது யார்? சந்தேகப் பட்டியலில் நான்கு பேர். மூன்று பேர் பெரியப்பாக்கள், நான்காவது ஆள் பெற்ற அப்பாவே. (ஷாங் மொழியில் நால்வருக்கும் 'அப்பா' என்ற ஒரே சொல்தான். பெரியப்பா, சித்தப்பா என்று கூப்பிடும் நமக்கு இது விசித்திரமாகப் படாது.) ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி 'இவர்தான்', 'இவர் இல்லை' என்று இரண்டு விதமாகவும் ஆமையோட்டிடம் கேட்டார்கள். கேட்டதை ஓட்டிலேயே செதுக்கியும் வைத்தார்கள். இன்னொரு இடத்தில், பல்வலி தீர 'அப்பா கெங்'குக்கு ஒரு நாயும் ஒரு ஆடும் படைக்கலாமா என்ற கேள்வியும் இருக்கிறது.

ஆமையோடு எப்படிப் பதில் சொல்லும்? எலும்பை நெருப்பில் போட்டார்கள், விரிசல் விட்டது, பலன் சொன்னார்கள் என்று பல இடங்களில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். உண்மையில் யாரும் எலும்பைத் தூக்கி நெருப்பில் போடவில்லை, அது எப்படியோ வெடிக்கட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. எங்கே விரிய வேண்டும், எந்தப் பக்கம் கிளைக்க வேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே செதுக்கித் தயாரித்த ஒரு கருவி அது.

முதலில் பொருள். இரண்டு வகை எலும்புகள் அதிகம்: மாட்டின் தோள்பட்டை எலும்பு, ஆமையின் வயிற்றுப்பக்க ஓடு. ஆமையின் முதுகோடு வளைந்து தடித்திருக்கும், அடியோடு தட்டையாக இருக்கும், அதோடு நடுவில் ஒரு கோடு ஓடி ஓட்டை இடம் வலம் என்று அச்சாகப் பிரித்துவிடும். பூக்கட்டிப் பார்ப்பது போல இரண்டில் ஒன்று என்று கேட்பதற்கு இதைவிட வசதியான பலகை வேண்டுமா? பெரும்பாலும் 'ஆகும்' என்ற வாசகம் வலப்பக்கம், 'ஆகாது' இடப்பக்கம். ஆமைகள் பல ஊர்களிலிருந்து திறையாகவும் வந்தன. 'இன்னார் 250 அனுப்பினார்' என்று ஓட்டின் ஓரத்திலேயே வரவு எழுதியிருக்கிறார்கள், சரக்குக் கிடங்கில் எழுதுவது போல.

வந்த ஓட்டைச் சுரண்டி, தேய்த்து, மெருகேற்றி, அப்புறம் உட்பக்கத்தில் குழி வெட்டுவார்கள். ஒவ்வொரு குழியும் ஜோடிக் குழி. ஒன்று நீள்வட்டமாக, அடியில் கூராக ஒடுங்கும் பள்ளம், பக்கத்திலேயே ஒட்டினாற்போல ஒரு வட்டக் குழி. இரண்டுமே மறுபக்கம் துளைத்துக்கொண்டு போகாது, மெல்லிசாக ஒரு படலம் மிச்சமிருக்கும். 44 செ.மீ. நீளமுள்ள ஒரு பெரிய ஓட்டில் இப்படி 204 குழிகள்.

சரி, இப்போது சூடு. குழிப் பக்கத்தில் தணல் போன்ற எதையாவது வைத்துச் சுடுகிறார்கள், விரிசல் தெரிவது முன்பக்கத்தில், அதாவது சூடு படாத பக்கத்தில். கொதிக்கும் காபியை அடித்தடிமனான கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இது புரியும். உள்பக்கம் சூடேறி விரியப் பார்க்கிறது, வெளிப்பக்கம் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது, உள்ளே இருப்பது விரிய விரிய வெளியே இருப்பது இழுபடுகிறது, இழுவை தாங்காமல் அது வெடிக்கிறது. எலும்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். கால்சியம் பாஸ்பேட் வகைத் தாதுவும் கொலாஜன் என்ற புரதமும் பின்னிய பொருள் அது. அமுக்கினால் தாங்கும், இழுத்தால் அவ்வளவு தாங்காது. வெப்பத்தை வேகமாகக் கடத்தாது என்பதால் சூடு வைத்த இடத்திலேயே சூடு தேங்கிவிடும். தேங்கிய சூட்டில் ஈரமும் போய், புரதமும் கருகி, கொஞ்சநஞ்சம் இருந்த நெகிழ்ச்சியும் காலி.

ஆனால் இது மட்டும் போதாது. குழி இல்லாத தடித்த எலும்பில் சுட்டால் அந்த இடம் கருகுமே ஒழிய ஒழுங்காக விரியாது. குழி இரண்டு வேலை செய்கிறது: எலும்பை மெலிதாக்குகிறது, இழுவிசையை ஒரே கோட்டில் குவிக்கிறது. ஷாம்பு பாக்கெட்டின் ஓரத்தில் சின்ன வெட்டு வைத்திருப்பார்களே, அந்த வெட்டு இருக்கும் இடத்தில்தான் கிழியும். அதே தத்துவம். நீள்வட்டப் பள்ளத்தின் கூரான அடியை ஒட்டி நெடுக்காக ஒரு விரிசல், வட்டக் குழி இருக்கும் பக்கம் திரும்பி ஒரு கிளை. நட்டுவைத்த குச்சியின் நடுவிலிருந்து ஒரு கை நீட்டினாற்போல இருக்கும். குறி கேட்பதற்கான சீன எழுத்தே இந்த வடிவம்தான். கான்டனீஸ் பேச்சில் இன்றும் அதன் உச்சரிப்பு 'புக்'. எலும்பு வெடிக்கும் சத்தத்திலிருந்துதான் அந்தச் சொல்லே வந்தது என்று பலர் கருதுகிறார்கள். நம் காதுக்கும் அது 'பொக்'கென்றுதானே கேட்டிருக்கும்!

வட்டக் குழியை எந்தப் பக்கம் வெட்டுகிறோமோ அந்தப் பக்கம்தான் கிளை நீளும். ஆமையோடுகளில் அதை நடுக்கோட்டைப் பார்த்தே வெட்டினார்கள், அதனால் இடப்பக்கக் கிளைகள் வலம் பார்க்கும், வலப்பக்கக் கிளைகள் இடம் பார்க்கும். ஆக, முன்னோர்கள் தம் விருப்பத்தைக் காட்ட மிச்சமிருந்தது அந்தக் கிளையின் சாய்வு, வளைவு மாதிரியான சின்ன இடம்தான். மேலோகம் பேசலாம், ஆனால் நாம் வெட்டிய வாய்க்காலில்தான் பேச வேண்டும்! இதை மோசடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படிவத்தில் 'ஆம்/இல்லை' கட்டம் போட்டுக் கொடுப்பது மாதிரி ஒரு ஒழுங்கு என்றே நினைக்கிறேன்.

ஒழுங்கு என்றதும் பதிவேடு. ஒவ்வொரு விரிசலுக்கும் பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடுவார்கள். பிறகு எந்த நாள், கேட்டது யார், கேள்வி என்ன, அரசன் சொன்ன பலன் என்ன என்று செதுக்குவார்கள். அரிதாகக் கடைசியில் நடந்தது என்ன என்பதும் இருக்கும். வூ டிங்கின் மனைவியரில் ஒருத்தி ஃபூ ஹாவ். 13,000 பேர் கொண்ட படையோடு அவள் போருக்குப் போனதைச் சொல்லும் எலும்பு உண்டு. 1976இல், ஷாங் தலைநகர் இருந்த ஆன்யாங்கில் அவளுடைய கல்லறை கொள்ளை போகாமல் அப்படியே கிடைத்தது. அவள் பிரசவத்தைப் பற்றி ஓர் ஓடு சொல்கிறது. பத்து நாள் வாரத்தில் நான்காம் நாளோ ஏழாம் நாளோ பிறந்தால் நல்லது என்றான் அரசன். அடுத்து, '31ஆம் நாள் பிறந்தது. நல்லதில்லை. பெண்.' பிறந்தது வாரத்தின் முதல் நாள். அரசன் சொன்ன இரண்டு நாளும் இல்லை, ஆகவே அவன் வாக்கும் பொய்க்கவில்லை! படையை நடத்தியவளின் மகளுக்கு 'நல்லதில்லை' என்று எழுதியவர்களை என்ன சொல்வது?

இதைவிடக் கொடியதும் எலும்புகளில் இருக்கிறது. சியாங் என்ற மக்களைப் பிடித்துவந்து முன்னோருக்குப் பலியிட்டார்கள், இத்தனை பேரா அத்தனை பேரா என்று அதையும் ஓட்டிடமே கேட்டார்கள். மழை, காற்று, போர் எல்லாம் 'டி' என்ற மேலான தெய்வத்தின் கையில். ஆனால் 'டி'க்கு நேராகப் படையல் வைத்ததாகக் கிட்டத்தட்ட எங்கேயும் இல்லை, எல்லாம் முன்னோர் வழியாகத்தான்.

இவ்வளவும் மண்ணுக்கடியில் கிடந்தன. ஆன்யாங் பக்கத்து உழவர்கள் தோண்டியெடுத்து 'டிராகன் எலும்பு' என்று மருந்துக்கு விற்றார்கள், எத்தனை அரச கேள்விகள் பொடியாகிக் கஷாயத்தில் போனதோ! 1899இல் பெய்ஜிங் அறிஞர் வாங் யீரோங் அவற்றில் இருப்பது பழைய எழுத்து என்று கண்டுகொண்டார். 1917இல் வாங் குவோவெய் என்ற இன்னொரு சீன அறிஞர், எலும்பிலிருந்த அரசர் பெயர்களைச் சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் சிமா சியான் எழுதிய வரலாற்றுப் பட்டியலோடு வைத்துப் பார்த்தார். பெரும்பாலும் பொருந்தின. கட்டுக்கதை என்று சந்தேகிக்கப்பட்ட வம்சம் உண்மை ஆயிற்று. 1928இல் அகழாய்வு தொடங்கியது. 1936இல் ஒரே ஒரு குழியிலிருந்து 17,000க்கும் மேற்பட்ட துண்டுகள் வந்தன.

வூ டிங் காலத்தில் பல்வலி, கனவு, பிரசவம் என்று எல்லாவற்றையும் கேட்டவர்கள், கடைசி அரசர்கள் காலத்தில் கேள்விகளைச் சுருக்கிக்கொண்டார்கள். 'வரும் பத்து நாளில் கேடில்லை', திரும்பவும் பத்து நாள் கழித்து அதே வாசகம். அரசன் சொல்லும் பலனும் அநேகமாக 'நல்லது'தான். கி.மு. 1046 வாக்கில் மேற்கிலிருந்து வந்த ஜோவ் மக்கள் ஷாங் ஆட்சியை முடித்துவைத்தார்கள். 1977இல் அவர்களுடைய பூர்வீக நிலத்திலும் எலும்புக் குவியல் அகப்பட்டது. எழுத்துகள் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவுக்குப் பொடிசு. பின்பக்கம் திருப்பினால் அதே ஏற்பாடு, குழி மட்டும் சதுரம்.