பயாஸ்: ஒருபுறச் சாய்வு

செயற்கைக்கோள் தரும் மழையளவை வைத்து ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் போடுகிறவர்கள் பேச்சில் 'பயாஸ்' (bias) என்ற ஆங்கிலச் சொல் அடிக்கடி அடிபடும். 'பயாஸ் கரெக்‌ஷன் பண்ணாம மாடல்ல போடாதீங்க' என்பார்கள். பிழை என்றே சொல்லிவிட்டுப் போகலாமே என்றால், போதாது. சாதாரணப் பிழை சில நாள் கூடும், சில நாள் குறையும். மாதக்கணக்கில் கூட்டினால் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். எப்போதும் ஒரே பக்கமாக விழுகிற பிழைதான் பயாஸ். எத்தனை வருடத் தரவைச் சேர்த்தாலும் அது கரையாது.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே சாய்வு, குறுக்குவாட்டம் என்று பொருள். அதற்கு முந்தைய வேர் எது என்பதில் அகராதிகள் உடன்படுவதில்லை. இங்கிலாந்தில் புல்தரையில் பந்து உருட்டும் 'போல்ஸ்' ஆட்டத்தில் பந்தை வேண்டுமென்றே ஒருபக்கம் சமனில்லாமல் செய்வார்கள். நேராக விட்டாலும் வளைந்துதான் போகும். அந்தக் குணத்துக்குப் பெயர் பயாஸ். ஓரவஞ்சனை என்ற பொருளைவிட இந்த ஆட்டப் பொருள்தான் நம் துறைக்கு நெருக்கம். பந்துக்கு யார் மேலும் விருப்பு வெறுப்பு கிடையாது, செய்த விதம் அப்படி.

செயற்கைக்கோளும் அப்படித்தான். அது மழையை நேராக அளப்பதில்லை. அகச்சிவப்புக் கருவி மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்க்கிறது. நுண்ணலைக் கருவி, நிலத்தின் மேல் பெரும்பாலும் மேகத்திலுள்ள பனித்துகள்களை வைத்து ஊகிக்கிறது. குடகில் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி மேலேறும்போது, அவ்வளவு உயரமில்லாத, உச்சி குளிராத மேகங்களிலிருந்தே மழை கொட்டும். பனித்துகளும் குறைவு. கருவிக்கு அது சாதாரணத் தூறலாகத் தெரியும். மலைக்குக் கிழக்கே மழைமறைவுப் பகுதியில் கதை தலைகீழ்: மேகம் தெரியும், துளிகளில் ஒரு பங்கு தரையைத் தொடுமுன்பே ஆவியாகிவிடும், செயற்கைக்கோள் அதையும் மழையாக எழுதிக்கொள்ளும்.

இனி காவிரி வடிநிலம் முழுவதற்கும், சுமார் 81,000 சதுர கிலோமீட்டருக்கும், ஒரே சராசரி எடுங்கள். மேற்கே விட்ட மழையை கிழக்கே கூட்டிய மழை சரிக்கட்டி, பயாஸ் பூஜ்யத்தை நெருங்கவும் கூடும். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆற்றுக்கு வருகிற தண்ணீரில் பெரும்பகுதி மேற்கு மலையில் பெய்வது. சராசரி அழகாக இருந்தும் ஆற்றோட்டக் கணக்கு குப்புற விழுவது இதனால்தான். 'வடிநிலச் சராசரி பயாஸ் மிகக் குறைவு' என்று ஓர் ஆய்வறிக்கை பெருமைப்பட்டால், நான் முதலில் வரைபடத்தைத்தான் தேடுவேன்.

மழையில் இருக்கும் சாய்வு ஆற்றில் பெருகும் என்பது அடுத்த சங்கடம். ஆண்டுக்கு 1000 மி.மீ. மழை, அதில் 700 ஆவியாகிறது, 300 ஆற்றுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். செயற்கைக்கோள் 900 என்று சொன்னால், ஆவியாவது மாறாதபோது மிச்சம் 200. மழையில் 10 விழுக்காடு குறை, ஆற்றில் 33 விழுக்காடு. இதை மறைப்பதும் எளிது: ஆற்றோட்டத்தைக் கணக்கிடும் கணினி மாதிரியில் (மாடல்) ஆவியாதலைக் கொஞ்சம் குறைத்தால் ஓட்டம் பொருந்திவிடும். மழையின் குற்றத்தை மண்ணும் மரமும் சுமக்கும். மழைமானிகளால் திருத்திய தரவை எடுக்கலாம்தான். ஆனால் நாசாவின் 'ஐமெர்க்' (IMERG) என்ற செயற்கைக்கோள் மழைத் தரவில், அப்படித் திருத்திய இறுதிப் பதிப்பு சுமார் மூன்றரை மாதம் கழித்தே வருகிறது. வெள்ள எச்சரிக்கைக்கு அது ஆகாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சார்பு' கணிதத்தில் வேறொன்றுக்குப் போய்விட்டது. 'பக்கச்சார்பு' மனிதருக்குப் பொருந்தும், கருவிக்கு ஒட்டாது. வெறும் 'சாய்வு' என்றால் நீரியலில் நிலத்தின் மேடுபள்ளச் சாய்வோடு குழம்பும். பழைய சொல் ஒன்று அச்சாகப் பொருந்துகிறது: துலாக்கோலைப் போல 'ஒருபால் கோடாமை' என்கிறது குறள். கோடுதல் என்றால் வளைதல், ஒருபக்கம் சாய்தல், அதிலிருந்து கோட்டம். ஆனால் இன்று கோட்டம் என்றதும் மின்வாரிய அலுவலகம்தான் நினைவுக்கு வரும். அதனால் 'ஒருபுறச் சாய்வு' என்பதே என் தேர்வு. திருத்துவதைச் 'சாய்வு நீக்கம்' எனலாம்.

பயாஸை விழுக்காட்டில் சொல்லும் 'பிபயாஸ்' (PBIAS) என்ற அளவைச் 'சாய்வு விழுக்காடு' என்று எழுதலாம். ஆற்றோட்டத்துக்கு, மாத அளவில், கூட்டலிலும் கழித்தலிலும் 25 விழுக்காட்டுக்குள் இருந்தால் ஏற்கலாம் என்பது 2007 முதல் பலரும் பின்பற்றும் வரம்பு. ஆனால் சிலர் அளந்ததிலிருந்து கணித்ததைக் கழிக்கிறார்கள், சிலர் மாற்றிக் கழிக்கிறார்கள். ஒருவருக்கு +20 என்றால் குறைவு, இன்னொருவருக்கு அதிகம். எந்தச் சொல்லை எழுதினாலும், பக்கத்தில் 'குறைத்துக் காட்டுகிறது' அல்லது 'கூட்டிக் காட்டுகிறது' என்றும் சேர்த்து எழுதிவிடுங்கள்.