விற்றமின் சி பழக்கடையில் மட்டும் இல்லை

தோடம்பழம் தின்றால் நெஞ்செரிகிறது, அன்னாசி வாயைப் புண்ணாக்குகிறது, விற்றமின் சி குளிசை போட்டால் வயிற்றைப் புரட்டுகிறது. வெள்ளவத்தையில் என்னிடம் போசணை ஆலோசனைக்கு வருவோர் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு இது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மத்தியானம் என்ன மரக்கறி, அதை எவ்வளவு நேரம் அவித்தீர்கள்?

வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் போதும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். அமெரிக்கப் பரிந்துரை பெண்களுக்கு 75, ஆண்களுக்கு 90; புகைப்பவர்களுக்கு இன்னும் 35 கூட. 100 கிராம் தோடம்பழத்தில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் இருக்கிறது. அதே நிறைப் பச்சைக் கறிமிளகாயிலும் பாகற்காயிலும் 80க்குக் குறையாது. விற்றமின் சி ஆய்வுக்காக 1937இல் நோபல் பரிசு பெற்ற ஹங்கேரிய விஞ்ஞானி சென்ட் ஜோர்ஜி அதைப் பெருமளவில் பிரித்தெடுத்தது எலுமிச்சையிலிருந்து அல்ல, மிளகாய் இனத்திலிருந்துதான். நமக்கோ பழம் என்றால்தான் சத்து என்ற நினைப்பு.

சிக்கல் சமையலில் இருக்கிறது. இந்த விற்றமின் நீரில் கரையும், சூட்டிலும் காற்றிலும் அழியும். கோவாவை இரவே அரிந்து வைத்து, விடியற்காலையில் குழைய அவித்து, தண்ணீரை வடித்து ஊற்றி, கந்தோரில் மறுபடி சூடாக்கினால் பெரும்பகுதி போய்விடும். ஐந்து மணிக்கு எழுந்து பஸ் பிடிக்கிறவர்களிடம் புதிதாகச் சமையுங்கள் என்று உபதேசிப்பதில் பயனில்லை. கழுவிய பின் அரியுங்கள், குறைந்த நீரில் மூடி அவியுங்கள், அவித்த நீரைச் சொதிக்குச் சேருங்கள். முருங்கையிலை வறைக்கு அடுப்பில் சில நிமிடங்கள் போதும். உருளைக்கிழங்கைத் தோலோடு அவித்தால் இழப்பு குறையும். கறிமிளகாயைப் பச்சையாகச் சாப்பிட்டு நெஞ்செரிந்தால் லேசாக வதக்குங்கள். கொஞ்சம் குறைந்தாலும் மிச்சம் இருக்கும்.

குளிசை வேண்டியவர்கள் சோடியம் அஸ்கோபேட் வகையைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். புளிப்புக் குறைவு, ஆனால் உப்புச்சத்து உண்டு. இரத்த அழுத்தக்காரர் கவனிக்க வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் அதிக அளவுக் குளிசையைத் தொடவே வேண்டாம். கீரையில் உள்ள பொட்டாசியத்துக்காகச் சிறுநீரக நோயாளரும், அதிலுள்ள ‘விற்றமின் K’க்காக வோர்பரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) எடுப்பவரும், கீரையைக் கூட்டும் முன் தங்கள் கிளினிக்கில் கேட்பது அவசியம்.

பல் முரசில் இரத்தம் கசிந்தாலோ, காரணமின்றித் தோல் கன்றினாலோ, காயம் ஆறத் தாமதித்தாலோ சமையலைத் திருத்திக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். மாதக்கணக்கில் தொடரும் நெஞ்செரிவுக்கும் அதுவேதான்.