பிரமிடுக்குள் பத்திரப்படுத்திய அடி

பூமியின் சுற்றளவு 2,50,000 ஸ்டேடியம் என்று பழங்கால கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் கணக்கிட்டார். ஸ்டேடியம் என்பது அன்றைய கிரேக்க நீள அளவு. சரி, ஒரு ஸ்டேடியம் எவ்வளவு நீளம்? ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தை ஆண்ட கலீபா அல் மாமூனின் வானியலாளர்கள் பாலைவனத்தில் நடந்தே அளந்து, பூமியின் சுற்றளவில் ஒரு பாகைக்கு 56 மைலும் மூன்றில் இரண்டு பங்கும் என்றார்கள். அது யாருடைய மைல்? எண்களைச் சுவடிகள் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டன. அளந்த கோல்தான் வந்து சேரவில்லை. கோல் இல்லாமல் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இந்தச் சிக்கலைத் தலைமேல் போட்டுக்கொண்டவர் ஜான் கிரீவ்ஸ். 1602-இல் ஹாம்ப்ஷையரில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் படித்து, லண்டன் கிரெஷாம் கல்லூரியில் வடிவியல் பேராசிரியர் ஆனார். பழைய வானியலைப் பிடிக்க வேண்டுமானால் கிரேக்கம் மட்டும் போதாது என்று அரபும் பாரசீகமும் கற்றார். 1637-இல் கான்டர்பரி பேராயர் வில்லியம் லாட் என்பவரின் ஆதரவோடு, அரபு அறிஞர் எட்வர்ட் போக்காக்குடன் கன்ஸ்டான்டினோபிளுக்குக் கிளம்பினார். அங்கே அவர் கைக்கு வந்த, பழங்கால வானியலாளர் தாலமியின் வானியல் நூலான அல்மாஜெஸ்டின் பிரதி, சுல்தானின் அரண்மனை நூலகத்திலிருந்து ஒரு குதிரைப்படை வீரன் திருடியது. மனிதர் இதை மறைக்கவும் இல்லை, பெரிதாகக் கூச்சப்படவும் இல்லை.

ரோமானிய அடியை அவர் மீட்ட விதம் அழகானது. ரோமில் கோசூடியஸ் என்பவரின் கல்லறைக் கல் ஒன்று இருந்தது. இறந்தவரின் தொழிற்கருவிகளை அதில் செதுக்கியிருந்தார்கள். அவற்றில் ஓர் அடிக்கோலும் உண்டு. கிரீவ்ஸ் தன் ஆங்கில அடியை 1000 பங்காகப் பிரித்து, அந்தக் கல்கோலோடு ஒப்பிட்டார். 967 பங்கு வந்தது. இன்றைய கணக்கில் 295 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ரோமானிய அடி சுமார் 296 மில்லிமீட்டர் என்று இப்போது ஏற்கிறோம்.

ஆனால் கல்தச்சன் சிற்பமாகச் செதுக்கிய கோலை எப்படி நம்புவது? வேறு வழியிலும் சோதிக்க வேண்டும். ரோமானியர்களின் ஆம்போரா என்ற கொள்ளளவு, ஓர் அடிக்கு ஓர் அடிக்கு ஓர் அடி கனசதுரம். அதில் எட்டில் ஒரு பங்கு காங்கியஸ். அதாவது, பக்கத்துக்கு அரை அடி உள்ள கனசதுரம். ரோமானியப் பேரரசர் வெஸ்பாசியன் காலத்து வெண்கலக் காங்கியஸ் பாத்திரம் ஒன்று ரோமில் பர்னேசே குடும்பத்தாரிடம் இருந்தது. அதன் கொள்ளளவைக் கண்டுபிடித்துக் கனமூலம் எடுத்தால் அரை அடி வந்துவிடும். இதில் ஒரு சௌகரியமும் உண்டு. கொள்ளளவில் 3 சதவீதம் பிசகினாலும், கனமூலம் எடுக்கும்போது நீளத்தில் 1 சதவீதம்தான் பிசகும். இதோடு நிற்காமல், பழைய தெனாரியஸ் என்ற ரோமானிய வெள்ளி நாணயங்களை எடைபோட்டு ரோமானிய எடையையும் கணக்கிட்டார். இரண்டும் சேர்ந்து 1647-இல் நூலாக வந்தன.

எகிப்துக்குப் போனது 1638-இல். தாலமி வானத்தைப் பார்த்தது அலெக்சாந்திரியாவிலிருந்து. அந்த ஊர் எந்த அட்சரேகையில் இருக்கிறது என்று சரியாகத் தெரிந்தால்தான் அவர் பதிவுகளை இன்றைய பதிவுகளோடு ஒப்பிட முடியும். வானியல் வேலை அது. அதற்கிடையில் கிசாவின் பெரிய பிரமிடுக்கும் போய் வந்தார்.

வெளியே அளந்தது சொதப்பிவிட்டது என்றே சொல்லலாம். அடிப்பகுதியைச் சுற்றி இடிபாடும் மணலும் மேடிட்டிருந்தன; மேல்பூச்சுக் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். கோலை நேராக வைத்து அளக்க வழியில்லை. இரண்டு இடங்களில் நின்று கோணம் பார்த்து, முக்கோணக் கணக்கால் வடக்குப் பக்கத்தை 693 அடி என்றார். உண்மையில் அது சுமார் 756 அடி. கணிதத்தில் குறை ஒன்றும் இல்லை. மூலை என்று அவர் பார்த்தது உண்மையான மூலை அல்ல, அவ்வளவுதான்.

உள்ளே கதை வேறு. ஓர் அடிக்கு மேல் நீளமான வௌவால்களைத் தாண்டி, பிரமிடின் நடுவே இருக்கும் 'அரசர் அறை' என்ற கல்லறை அறைக்குள் போனார். வழவழப்பான கருங்கல் சுவர், மணல் இல்லை, இடிபாடு இல்லை. நீளம் 34.380 அடி, அகலம் 17.190 அடி என்று எழுதினார். ஆயிரத்தில் ஒரு பங்கு வரை ஏன் போனார் என்பதற்கு அவரே காரணம் சொல்கிறார்: அளவுகளை வருங்காலத்துக்கு நிலைநிறுத்த இதைவிடத் தோதான இடம் கிடையாது. ஸ்டேடியத்துக்கு நேர்ந்தது ஆங்கில அடிக்கும் நேரக்கூடாது என்ற கவலை. உலோகக் கோல் தேயும், தீயில் போகும். இந்தக் கல்லறை அசையாது. எல்லாக் கோல்களும் அழிந்தாலும், யாரேனும் இந்தச் சுவரை அளந்து 17.190-ஆல் வகுத்தால் கிரீவ்ஸின் அடி திரும்பக் கிடைத்துவிடும். வீண் பயம் என்று தள்ள முடியாது. 1834-இல் லண்டன் நாடாளுமன்றம் எரிந்தபோது பிரிட்டனின் மூலக் கெஜக்கோல் அதோடு நாசமானது.

1646-இல் இதெல்லாம் பிரமிடோகிராஃபியா என்ற நூலாக வந்தது. அந்த அறைக்குள் எப்படி மூச்சு விட்டீர்கள் என்று அவரைக் கேட்டவர், ரத்த ஓட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்வி. காற்று வரத் தனி வழி இருந்தாக வேண்டும் என்றார் ஹார்வி. வடக்கு, தெற்குச் சுவர்களில் இருந்த துளைகளைக் கிரீவ்ஸ் பார்த்திருந்தார். கரி படிந்திருந்ததால் விளக்கு வைக்கும் மாடம் என்று நினைத்துவிட்டார். அவை வெளியே வரை நீளும் குழாய்கள். போகாத ஹார்விக்குத்தான் வெற்றி.

1643-இல் ஆக்ஸ்போர்டில் வானியல் பேராசிரியர் பதவி கிடைத்தது. உள்நாட்டுப் போரில் அரசர் பக்கம் நின்றதால் 1648-இல் நாடாளுமன்றத்தின் ஆட்கள் அதைப் பறித்தார்கள். படைவீரர்கள் பெட்டிகளை உடைத்ததில் கைப்பிரதிகள் பலவும் போயின. 1652-இல் லண்டனில் இறந்தார்.

அந்த 17.190-ஐப் பின்னாளில் பிடித்துக்கொண்டவர் நியூட்டன். யூதர்களின் புனித முழம் எவ்வளவு என்று தேடிக்கொண்டிருந்த அவர், அரசர் அறையின் நீளம் அகலத்தைப் போல் சரியாக இரண்டு மடங்கு என்பதைக் கவனித்தார். 20 முழத்துக்கு 10 முழம் என்று கட்டியிருப்பார்கள். அப்படியானால் எகிப்திய முழம் 1.719 அடி, அதாவது 20.63 அங்குலம். இதைச் சொல்லும் நியூட்டனின் கட்டுரை, அவர் இறந்து 10 ஆண்டு கழித்து, 1737-இல், கிரீவ்ஸின் எழுத்துகளோடு சேர்ந்தே அச்சானது. 1880-களில் தொல்லியல் அறிஞர் பிளிண்டர்ஸ் பெட்ரி அதே அறையை நுட்பமான கருவிகளால் அளந்து முழம் 20.62 அங்குலம் என்றார். வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை.

கிரீவ்ஸ் நினைத்த திசையிலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறையின் அகலம் சுமார் 5.24 மீட்டர். 17.190-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 30.5 சென்டிமீட்டர் வருகிறது. இன்று நாம் பயன்படுத்தும் அடி 30.48.