புகார்: முறைப்பாடு அல்ல, மூட்டம்

போன தை மாதம் இலங்கை வன்னியில் இரணைமடுக் குளக்கட்டில் நின்று ஒரு படம் எடுத்து, சென்னையில் படிக்கும் அக்காவின் மகனுக்கு அனுப்பினேன். காலை பத்து மணி கழிந்திருக்கும். வெயில் ஏறிவிட்டது, ஆனாலும் அக்கரைக் காட்டின் விளிம்பு தெரியவில்லை. தண்ணீரும் வானமும் ஒரே மங்கல் நிறத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. படத்துக்குக் கீழே "இங்க ஒரே புகார்" என்று எழுதினேன். உடனே பதில் வந்தது: "யார் மேல மாமா? தண்ணி திறந்துவிடேல்லையோ?"

அவன் சென்னைக்குப் போய் நான்கு வருடமாகிறது. அங்கே பொலிசுக்குப் போனால் கொடுப்பது புகார். இங்கே கொடுப்பது முறைப்பாடு. அந்த வேலைக்கு நமக்கு வேறு சொல் இருந்ததால், 'புகார்' தன் பழைய பொருளோடு வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இன்னும் உயிரோடு இருக்கிறது. 'வானம் புகாராக் கிடக்கு' என்றால் வயதானவர்கள் யாரும் திரும்பி 'என்னவாம்?' என்று கேட்பதில்லை.

ஒரே எழுத்துக்கூட்டலில் தமிழில் மூன்று புகார்கள் உண்டு. முதலாவது ஆறு கடலில் புகும் இடம். 'புகு' என்ற வினையிலிருந்து வந்தது. காவிரி கடலில் புகுந்த ஊர் புகார் ஆனது, அதிலிருந்து சிலப்பதிகாரத்தின் முதற்காண்டமும் பெயர் பெற்றது. இரண்டாவது முறையீடு. அது இந்தி, உருது வழியாக வந்த 'புகார்'. அங்கே அதற்குக் கூப்பிடுதல், கூவி அழைத்தல் என்று பொருள். மூன்றாவதுதான் நம்முடையது: மூடுபனி, மேகம், மங்கல். இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய சொல் 'புகர்'. புகர் என்றால் கபில நிறம், புள்ளி, குற்றம் என்றெல்லாம் அகராதி சொல்லும். சங்கப் பாடல்களில் யானையின் புள்ளி படர்ந்த முகத்தைப் 'புகர்முகம்' என்பார்கள். தெளிவாக இருக்க வேண்டிய ஒன்றின் மேல் கபிலமாக ஏதோ படர்ந்திருப்பது என்ற காட்சி இரண்டு சொல்லிலும் இருக்கிறது. இந்தக் கபில நிறத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது, காற்று மாசால் வரும் மூட்டத்துக்கு ஆங்கிலக்காரர் வைத்த 'ஸ்மொக்'. இது கிழட்டுச் சொல் ஒன்றும் இல்லை. 1905 இல் லண்டனில் நடந்த ஒரு பொதுச் சுகாதார மாநாட்டில் ஹென்றி அந்துவான் டெ வோ என்ற மருத்துவர் புகைக்கும் மூடுபனிக்குமான இரண்டு ஆங்கிலச் சொற்களை வெட்டி ஒட்டி இதைப் புழக்கத்துக்கு விட்டார். லண்டனுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. குளிர்காலத்தில் வீட்டுக்கு வீடு நிலக்கரி எரிப்பார்கள், தேம்ஸ் ஆற்றுப்பக்க மூடுபனியில் அந்தப் புகை கலந்து இறங்கும். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை அப்படி இறங்கியதில் சுமார் 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிட்டார்கள். பின்னைய ஆய்வுகளில் அந்தத் தொகை 12,000 வரை போனது.

ஆனால் அதே சொல்லை அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கும் கொண்டுபோனார்கள். அங்கே மூடுபனியும் பெரிதாக இல்லை, நிலக்கரிப் புகையும் இல்லை. 1950களின் தொடக்கத்தில் ஹாகன்ஸ்மிட் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்துச் சொன்னார்: வாகனங்களிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வரும் வாயுக்களை வெயில்தான் சமைத்து ஓசோனும் மூட்டமும் ஆக்குகிறது. நம் உயர்தர இரசாயனவியல் படித்த பிள்ளைகளுக்கு இதன் பெயர் தெரியும், 'ஒளியிரசாயனப் புகார்'. யார் அந்தப் பெயரை முதலில் இட்டாரோ, கெட்டிக்காரர். புகையும் பனியும் இல்லாத ஒன்றுக்குப் 'புகைப்பனி' என்று பெயர் வைக்காமல், ஊரில் கிடந்த சொல்லை எடுத்து வைத்தார். தமிழ்நாட்டில் புகைப்பனி, பனிப்புகை என்று எழுதுகிறார்கள். ஆங்கிலச் சொல்லைப் பிரித்து மேய்ந்து அப்படியே மாற்றியது அது. லண்டனுக்குச் சரி, வெப்ப நாட்டுக்குச் சரிவராது.

சிங்கப்பூர், மலேசியத் தமிழரிடம் இன்னொரு சொல் இருக்கிறது, 'புகைமூட்டம்'. ஆங்கிலத்தில் 'ஹேஸ்' என்பதற்கு அது. அவர்களுக்கு அது முற்றிலும் பொருந்தும், ஏனென்றால் அவர்களுக்கு வருவது உண்மையிலேயே புகை. இந்தோனேசியாவில் சுமத்திராவிலும் களிமந்தானிலும் காட்டையும் கரிச்சதுப்பு நிலத்தையும் எரிக்கும் புகை. 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரின் மாசுச் சுட்டெண் 401 ஐத் தொட்டது. அன்று அங்கே கதவைத் திறந்தால் எரிந்த மணம் வீட்டுக்குள் வந்தது.

நமக்கு வருவது அப்படி மணப்பதில்லை. அதுதான் சிக்கல்.

என்ன வருகிறது என்பதைச் சொல்ல எனக்கு நெல் தூற்றுவதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. களத்தில் சுளகை உயர்த்திப் பிடித்துக் கொட்டும்போது மணி நெல் காலடியில் விழும். பதர் நாலு முழம் தள்ளிப் போகும். அதையும் தாண்டி ஒரு தூசு போகும், அது எங்கே விழுகிறது என்று யாரும் பார்த்ததில்லை. பக்கத்து வளவில் உடுப்புக் காயப்போட்ட மாமி மட்டும் ஏசுவார். காற்று ஆசியா முழுவதையும் இப்படித்தான் தூற்றுகிறது. கிரவல் ரோட்டில் பஸ் போனால் எழும் புழுதி வேலிப் பூவரசில் படிந்து முடிந்துவிடும். அதைவிடச் சிறியது சில மணி நேரமோ ஓரிரு நாளோ மிதக்கும். 2.5 மைக்குரோமீற்றருக்கும் குறைந்தது, அதாவது தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாதது, மழை கழுவாவிட்டால் ஒரு கிழமைக்குக் கிட்டக் காற்றோடேயே இருக்கும். ஒரு கிழமை என்பது காற்றுக்கு ஆயிரக்கணக்கான கிலோமீற்றர். இந்தக் கடைசி வகையை இந்தியாவில் 'நுண்துகள்' என்பார்கள், நாம் 'நுண்துணிக்கை' என்கிறோம். இரண்டும் நல்ல சொற்கள்தான். எனக்குத் துணிக்கை பிடிக்கும். துணித்தால் வருவது துணிக்கை. பெயரிலேயே அளவு இருக்கிறது.

வழி இதுதான். ஐப்பசி, கார்த்திகையில் பஞ்சாப், ஹரியானாப் பக்கம் நெல் வெட்டிய அடிக்கட்டையை எரிக்கிறார்கள். அதோடு கங்கைச் சமவெளியின் செங்கற் சூளை, அனல் மின்நிலையம், வாகனம், அடுப்பு எல்லாம் சேரும். குளிர்காலத்தில் நிலத்தோடு ஒட்டிய குளிர்க் காற்று மேலே எழும்பாது, மேலே இருக்கும் சூடான காற்று மூடிபோல அதை அமுக்கி வைத்திருக்கும். ஆனபடியால் மாசு கலையாமல் அந்தச் சமவெளியில் திரண்டு, வங்காள விரிகுடாவுக்கு மேலே வழிந்து, பிறகு வடகீழ்ப் பருவக்காற்றில் ஏறித் தெற்கே வருகிறது. அந்தக் காற்றை நாம் வாடை என்கிறோம். வாடை மழை கொண்டுவரும், குளத்தை நிரப்பும், காலபோகத்தைக் காக்கும். அதே வாடை இதையும் கொண்டுவருகிறது.

2022 டிசம்பர் முதற்பாதியில் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். வங்கக் கடலில் மாண்டஸ் புயல் உருவாகியிருந்தது. புயல் இடஞ்சுழியாகச் சுழல்வதால் அதன் மேற்குப் பக்கத்துக் காற்று வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும். இந்திய நிலப்பரப்பின் மாசு அப்படி இழுபட்டு இலங்கைக்கு மேலே வந்தது. வடக்கிலும் கொழும்பிலும் காற்றின் தரம் கெட்டுவிட்டதாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்தது. டிசம்பர் 9 அன்று பாடசாலைகளை மூடினார்கள். அதே நாட்களில் வன்னியில் மாடுகள் பட்டி பட்டியாகச் செத்து விழுந்தன. முதலில் ஊரில் எல்லோரும் 'இந்தியாவில இருந்து வந்த விசக்காத்து' என்றுதான் கதைத்தார்கள். பிறகு பரிசோதித்தவர்கள் சொன்னது, குளிர்ந்த காற்றிலும் மழையிலும் உடம்புச் சூடு இழந்து செத்தன என்று. இரண்டும் ஒரே புயலின் கையில் வந்தவை, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சரியான சொல் இல்லாத இடத்தில் எல்லாவற்றையும் ஒரே பெயரில் கட்டிவிடுவோம்.

சொல் பிழைத்தால் வேலையும் பிழைக்கும் என்பதை நான் கண்ணால் கண்டேன். இன்ன அலுவலகம் என்று சொல்ல வேண்டாம். ஒரு தடவை ஒட்டப்பட்ட தமிழ் அறிவித்தலில் இதை 'மூடுபனி' என்று எழுதியிருந்தார்கள், 'அவதானமாக இருக்கவும்' என்ற வரியோடு. அடுத்த நாள் காலை எங்கள் ஒழுங்கையால் ரியூசனுக்குப் போன பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தாய்மார் காதைச் சுற்றித் துவாய் கட்டி அனுப்பியிருந்தார்கள். பனி என்றால் நாம் காதைத்தான் மூடுவோம். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். மூக்கை மூட வேண்டிய நேரத்தில் காதை மூட வைத்தது ஒற்றைச் சொல்.

கிழக்கு ஆசியாவில் இதற்குச் சொல் பஞ்சம் இல்லை. சீனத்தில் 'மை' என்று ஒன்று உண்டு. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய அகராதியே அதற்குக் காற்று மண்ணை மழையாகப் பொழிவது என்று பொருள் சொல்லும். அதை எழுதும் எழுத்தின் தலையில் 'மழை' என்ற குறி இருக்கிறது. இன்று பெய்ஜிங்கில் மாசுப் புகாருக்கு வழங்கும் 'வூமை' என்ற சொல்லில் மூடுபனியும் அந்த மையும் சேர்ந்திருக்கின்றன. கொரியர்கள் 'ஹுவாங்சா' என்பார்கள், மஞ்சள் மணல். ஜப்பானியர் அதே இரண்டு எழுத்தைக் 'கோசா' என்று வாசிப்பார்கள். கோபி, தக்லமக்கான் பாலைவனங்களில் இளவேனிலில் கிளம்பும் தூசு அது. கொரியாவின் பழைய வரலாற்றுக் குறிப்பில் கி.பி. 174 இலேயே 'மண் மழை' பெய்ததாக எழுதிவைத்திருக்கிறார்கள். 2021 மார்ச் 15 அன்று பெய்ஜிங் நகரம் செம்மஞ்சளாகப் போன படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2007 இல் தக்லமக்கானில் கிளம்பிய ஒரு தூசுப் படலம் 13 நாளில் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றியதைச் செய்மதியில் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள்.

அந்தப் பாலைவனத் தூசு நமக்கு நேரே வருவதில்லை, இமயமலையும் திபெத்தும் குறுக்கே கிடக்கின்றன. நமக்கு வருவதில் கரியும் கந்தகச் சேர்வைகளும்தான் கூட. 1999 இல் மாலைதீவை மையமாக வைத்து 'இந்தோயெக்ஸ்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. அதை நடத்தியவர்களில் முதன்மையானவர் வீரபத்திரன் இராமநாதன், தமிழ்நாட்டில் பிறந்தவர். வட இந்து சமுத்திரத்துக்கு மேலே ஏறக்குறைய 3 கிலோமீற்றர் தடிப்பில் மூட்டம் கிடப்பதையும், அது கடலில் விழும் வெயிலில் 10 வீதம் வரை குறைப்பதையும் அவர்கள் கண்டார்கள். 2002 இல் ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் அமைப்பு அதைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் அதன் பெயர் 'ஆசியப் பழுப்பு மேகம்'. இந்தியாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை, ஆசியாவின் தலையில் மட்டும் ஏன் கட்டுகிறீர்கள் என்று கேட்டது. பிறகு 'வளிமண்டலப் பழுப்பு மேகம்' ஆக்கினார்கள். பெயர் மாறியது, நிறம் மாறவில்லை.

நிறத்துக்காகத்தான் ஞாபகத்தில் வைக்கச் சொன்னேன். பழுப்பை நாம் கபிலம் என்போம். புகர் என்றாலும் கபிலம். ஆய்வாளர்கள் விமானம் ஏறிப் போய்க் கண்ட நிறம் நம் அகராதியில் புகாருக்கு அடுத்த வரியில் கிடக்கிறது. வேர் இரண்டுக்கும் ஒன்றுதான் என்று நான் அடித்துச் சொல்லவரவில்லை. ஆனால் 'கபிலப் புகார்' என்று சொல்லிப் பாருங்கள், வேற்றுச் சொல் போலவா இருக்கிறது?

ஆக, நான் எழுதும்போது இப்படி எழுதுகிறேன். ஸ்மொக்குக்கு வெறும் புகார். வெயிலில் சமைந்தது ஒளியிரசாயனப் புகார். ஈரமில்லாமல் துணிக்கைகளால் மட்டும் மங்கினால் உலர் புகார். ஹேஸ் என்பதற்கு இங்கே இதுதான் பொருந்தும். எரியும் மணத்தோடு வந்தால் மட்டும் புகைமூட்டம். மூடுபனியைப் பனிக்கே விட்டுவிடலாம். இன்னொரு நாட்டிலிருந்து வருவதை அரச ஆவணங்களில் 'எல்லை தாண்டிய வளி மாசு' என்கிறார்கள். 'எல்லை தாண்டிய' என்றதும் முல்லைத்தீவுக் கரையில் யாருக்கும் இந்திய இழுவைப் படகுதான் கண்ணில் வரும். படகையாவது மறிக்கலாம். இதற்கென்று 1998 இல் தெற்காசிய நாடுகள் மாலேயில் ஒரு பிரகடனம் செய்தன, இலங்கையும் அதில் இருக்கிறது. எட்டு நாடும் சேர்ந்து அளப்போம், சேர்ந்து குறைப்போம் என்பது அதன் சாரம். அளப்பது ஓரளவு நடக்கிறது.

அம்மம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன், இந்தச் சொல் எனக்கு அவரிடமிருந்துதான் வந்தது. கண்ணில் வெண்படலம் விழுந்திருந்த காலத்தில் "கண் புகாராக் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சத்திரசிகிச்சை முடிந்து கட்டு அவிழ்த்த பிறகு, ஆசைப்பட்டாரே என்று அந்தத் தை மாதக் காலையில் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கையைப் புருவத்துக்கு மேல் வைத்து அக்கரைப் பக்கம் கனநேரம் பார்த்தார். "டொக்டர் சரியாச் செய்யேல்லையோ?" என்று கேட்டேன். "சும்மா இரடா" என்றார். "பனியெண்டால் வெயிலுக்குக் கரைஞ்சிருக்கும். புகையெண்டால் மணக்கும். கண்ணில பிழையில்லை, அது வெளியில கிடக்கிற புகார்."

அதைத்தான் படமெடுத்து மருமகனுக்கு அனுப்பினேன்.