காட்ஜில்லா கடல்லேந்து எழும்பும்போது தண்ணித்துளி எவ்ளோ பெருசா இருக்கணும்?

வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "பழைய காட்ஜில்லா படங்கள்ல கடல் சீன் வந்தாலே இது தொட்டித்தண்ணினு சின்னப்பையன் கூட சொல்லிடுவான், 2023ல வந்த காட்ஜில்லா மைனஸ் ஒன் பார்த்தப்போ அப்படி தோணவே இல்ல, கம்ப்யூட்டர் வேகம் கூடிடுச்சு அவ்ளோதானா இல்ல வேற எதாவது இருக்கா?"

இருக்கு சார். கம்ப்யூட்டர் வேகம் அதுல பாதி கூட இல்லனு சொல்வேன். இந்தப் படம் 2024 மார்ச்ல விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் வாங்குச்சு, 70 வருஷ காட்ஜில்லா வரலாற்றுல முதல் ஆஸ்கர் அதுதான், அதுவும் ஷிரோகுமிங்கற ஜப்பான் ஸ்டுடியோல 35 பேர் உக்காந்து 610 ஷாட் பண்ணி வாங்குனது. ஹாலிவுட்ல ஒரு பெரிய படத்துக்கு ஆயிரம் பேர் பேர் போடுறாங்க. மெஷின் பலம்தான் விஷயம்னா இவங்க ஜெயிச்சிருக்கவே கூடாது. டைரக்டர் தகாஷி யமாசாகியே விஎஃப்எக்ஸ் சூப்பர்வைசரும் கூடங்கறதால மெயில் அனுப்பி அப்ரூவலுக்கு காத்துக் கிடக்கற வேலையெல்லாம் கம்மி, அது ஒரு காரணம்தான். ஆனா நான் பேச வந்தது தண்ணி.

முதல்ல 1954க்குப் போவோம். இஷிரோ ஹோண்டா டைரக்ட் பண்ண முதல் படம், ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் எய்ஜி சுபுராயா. அவருக்கு கிங் காங் மாதிரி பொம்மைய ஒவ்வொரு ஃப்ரேமா நகர்த்தி எடுக்கணும்னுதான் ஆசை, அதுக்கெல்லாம் நேரமும் இல்ல பணமும் இல்லனு ஆனதும் ஹருவோ நாகாஜிமாங்கற நடிகர ஒரு ரப்பர் சூட்டுக்குள்ள இறக்கி விட்டாங்க. கதைல காட்ஜில்லா உயரம் 50 மீட்டர், சூட் கிட்டத்தட்ட 2 மீட்டர், அதனால சுத்தி இருக்கற டோக்கியோ கட்டடமெல்லாம் 25ல 1 பங்கு அளவுல செஞ்சாங்க.

50 மீட்டர் பல்லி நிஜத்துல நிக்கவே முடியாதுங்கறது ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க, உயரம் 25 மடங்கு ஆனா எலும்போட குறுக்குவெட்டு 625 மடங்கு, எடை 15,625 மடங்கு, கால் முறிஞ்சிடும், கலிலியோ 1638லயே எழுதி வச்சுட்டுப் போயிட்டார். அந்த 625அ மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, மறுபடி வரும்.

இப்போ 25ல 1 மாடல படம் பிடிச்சா என்ன ஆகும்? 50 மீட்டர் உயரத்துலேந்து ஒரு செங்கல் விழ 3.2 வினாடி ஆகும். 2 மீட்டர்லேந்து விழ 0.64 வினாடி. சரியா 5 மடங்கு, ஏன்னா விழுற நேரம் உயரத்தோட வர்க்கமூலத்துல போகும், 25க்கு வர்க்கமூலம் 5. அதனால வினாடிக்கு 24 ஃப்ரேமுக்குப் பதிலா 120 ஃப்ரேம் எடுத்துட்டு 24ல ஓட்டுனா பொம்மைக் கட்டடம் நிஜக் கட்டடம் மாதிரியே பாரமா சரியும். சுபுராயா டீம் கேமராவ வேகமா சுத்தவிட்டு எடுத்தது இதுக்காகத்தான். 5 மடங்கு வேகம்னா ஒரு ஃப்ரேமுக்கு விழுற வெளிச்சம் 5ல 1 பங்கு, அத சரிக்கட்ட 5 மடங்கு லைட்டு, அந்த வெக்கைல கிட்டத்தட்ட 100 கிலோ ரப்பர மாட்டிக்கிட்டு ஒரு மனுஷன் நடக்கறார், வேர்வை சூட்டுக்குள்ளயே தேங்குமாம். அவருக்கு யாரும் ஆஸ்கர் குடுக்கல.

அலையும் இதே கணக்குதான். ஆழமான கடல்ல 50 மீட்டர் நீள அலை வினாடிக்கு 9 மீட்டர் வேகத்துல போகும், 2 மீட்டர் அலை 1.8 மீட்டர்தான் போகும், அங்கயும் அதே 5. அப்ப ஸ்லோமோஷன்ல அலையும் சரியாயிடணுமே, ஏன் ஆகல? டோஹோ ஸ்டுடியோ 1960ல பெரிய குளமே கட்டி 2004 வரைக்கும் அதுல மான்ஸ்டர் படமா எடுத்துத் தள்ளுனாங்க, அலையோட நடை சரியா இருக்கும், ஆனாலும் பாத்த உடனே குளம்னு தெரியும்.

காரணம் துளி.

இதுதான் எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்பப் பிடிச்ச இடம், அதனால கொஞ்சம் மெதுவாப் போறேன். தண்ணிக்கு மேற்பரப்பு இழுவிசைனு ஒண்ணு இருக்கே, துளிய உருண்டையா பிடிச்சு வச்சிருக்கறது அதுதான். துளி பெருசாக ஆக புவியீர்ப்பும் காத்தும் சேந்து அத நசுக்கப் பாக்கும், சின்னதா இருந்தா இழுவிசை ஜெயிக்கும். இந்த ரெண்டும் சமமாகற அளவு தண்ணிக்கு சில மில்லிமீட்டர்தான், மழைத்துளி கூட 5, 6 மில்லிமீட்டரத் தாண்டுனா உடைஞ்சிடும். இந்த அளவு எங்கேந்து வருதுன்னு பாத்தா தண்ணியோட அடர்த்தி, இழுவிசை, புவியீர்ப்பு, காத்து, அவ்ளோதான். பக்கத்துல நிக்கறது 2 மீட்டர் நாகாஜிமாவா 50 மீட்டர் காட்ஜில்லாவாங்கறது அந்தத் துளிக்குத் தெரியாது! குளத்துல தெறிக்கற துளி 5 மில்லிமீட்டர், ஸ்க்ரீன்ல நம்ம மூளை அத 25ஆல பெருக்கிடும், பன்னண்டரை சென்டிமீட்டர். கடல்லேந்து காட்ஜில்லா எழும்புது, சுத்தி உரிச்ச தேங்கா சைஸ்ல தண்ணி உருண்டை பறக்குது. யாரும் கணக்குப் போட்டுப் பாக்க மாட்டாங்க, ஆனா கண்ணு ஒத்துக்காது.

சரி, சோப்பு போட்டா இழுவிசை குறையுமே? போட்டுப் பாத்திருக்காங்க, மினியேச்சர் எடுக்கறவங்க உலகம் பூரா செய்யற வேலைதான் அது. ஆனா துளியோட அளவு இழுவிசையோட வர்க்கமூலத்துல போகுது. துளி 25 மடங்கு சின்னதாகணும்னா இழுவிசை 625 மடங்கு குறையணும், இதோ அந்த 625. சோப்பால பாதிக்கும் கொஞ்சம் கீழதான் கொண்டுவர முடியும், அதுல துளி ஒன்றரை மடங்கு சின்னதாகும், 25 எங்க ஒன்றரை எங்க. 625 மடங்கு குறைவான இழுவிசையோட அறை வெப்பநிலைல ஒரு சாதாரண திரவமே கிடையாது. கேமராவ எவ்ளோ வேகமா சுத்தவிட்டாலும் துளியோட அளவு மாறப்போறதில்ல, நேரத்தத்தான் இழுக்க முடியும்.

இதுல காத்து வேற. நிஜமா 50 மீட்டர் உயரத்துலேந்து கொட்டற தண்ணி கீழ வரும்போது மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்துல வரும், அந்த வேகத்துல காத்து அத கிழிச்சு மில்லிமீட்டருக்கும் கம்மியான பொடியா ஆக்கிடும், உயரமான அருவிக்குக் கீழ ஒரே புகைமூட்டமா இருக்கே அது இதுதான். குளத்துல 2 மீட்டர்லேந்து விழுற தண்ணியோட வேகம் மணிக்கு 23 கிலோமீட்டர்கூட தாண்டாது, காத்தால அத ஒண்ணும் பண்ண முடியாது, முழுசா கட்டியா வந்து பொத்துனு விழும். அதாவது குளத்துல துளி பெருசு, மேல மூட்டமும் இல்ல, ரெண்டும் சேந்து காட்டிக்குடுத்துடும்.

இப்போ கம்ப்யூட்டர் வந்தாச்சு, புவியீர்ப்பு இழுவிசை எல்லாத்தையும் இஷ்டத்துக்கு மாத்தலாம், பிரச்சனை தீந்துச்சுனு நினைப்பீங்க. தீரல. வேடிக்கை என்னன்னா அதே பிரச்சனை வேற வாசல் வழியா உள்ள வருது. கம்ப்யூட்டர்ல கடல சின்னச் சின்ன கட்டமா வெட்டிதான் கணக்குப் போடுவாங்க, ஒரு கட்டம் 10 சென்டிமீட்டர்னா அதுக்குக் கீழ இருக்கற எதுவும் அதுக்குத் தெரியாது. அப்ப தெறிக்கற மிகச்சின்ன தண்ணியே 10 சென்டிமீட்டர், திரும்ப தேங்கா! 200 மீட்டருக்கு 200 மீட்டர், 40 மீட்டர் ஆழம்னு எடுத்தா இதுக்கே 160 கோடி கட்டம் வருது. 1 மில்லிமீட்டர் வரைக்கும் இறங்கணும்னா கட்டம் 10 லட்சம் மடங்கு, நேரத்தையும் 100 மடங்கு பொடியா நறுக்கணுங்கறதால வேலை 10 கோடி மடங்கு. எந்த ஸ்டுடியோலயும் அந்த மெஷின் கிடையாது.

அதனால ரெண்டு வேலை பண்றாங்க. முதல் வேலை ஃப்ளிப்னு ஒரு கணக்கு முறை. தண்ணிய அமுக்க முடியாது, ஒரு கட்டத்துக்குள்ள எவ்ளோ வருதோ அவ்ளோ வெளிய போயாகணும், இந்த அழுத்தக் கணக்குக்கு கட்டம் ரொம்ப வசதி. ஆனா சுழல், தெறிப்பு இதயெல்லாம் தூக்கிட்டுப் போக துகள்தான் வசதி. ரெண்டையும் சேத்தா? ஒரு கட்டத்துல ரெண்டு துகள் இருக்குனு வைங்க, ஒண்ணு வினாடிக்கு 10 மீட்டர், இன்னொண்ணு 6. கட்டம் சராசரி எடுத்து 8னு வச்சுக்கும், அழுத்தக் கணக்கு போட்டதும் அது 7.5 ஆகுது. பழைய முறைல ரெண்டு துகளுக்கும் அந்த 7.5அ அப்படியே திருப்பிக் குடுத்துடுவாங்க, அவ்ளோதான், ரெண்டுக்கும் இருந்த வித்தியாசம் போச்சு, நூறு தடவை இப்படிப் பண்ணா கடலே விளக்கெண்ணெய் மாதிரி வழவழனு நகரும். ஃப்ளிப்ல வேகத்தக் குடுக்க மாட்டாங்க, மாற்றத்த மட்டும் குடுப்பாங்க. 8 எப்படி 7.5 ஆச்சு, அரை குறைஞ்சிருக்கு, அந்த அரைய மட்டும் ரெண்டுலயும் கழி, 9.5, 5.5. ரெண்டு துகளும் தன் குணத்த விடாம அழுத்தத்துக்கும் கட்டுப்பட்டாச்சு. ஒரு வரி மாற்றம் சார் இது, நான் முதல்ல படிச்சப்ப சிரிச்சுட்டேன்.

அந்தப் பழைய முறைய 1950கள்ல பிரான்சிஸ் ஹார்லோ கண்டுபிடிச்சது எங்க தெரியுமா? அமெரிக்காவுல லாஸ் அலமாஸ் ஆய்வகத்துல, அணுகுண்டு செஞ்ச அதே இடம். ஃப்ளிப்பா அத மாத்துனதும் அங்க இருந்தவங்கதான், 1986ல. 1954 மார்ச் 1ஆம் தேதி பிகினி தீவுல வெடிச்ச காசில் பிராவோ ஹைட்ரஜன் குண்டும் அந்த ஆய்வகத்தோட வடிவமைப்புதான், 6 மெகாடன்னு நினைச்சது 15 மெகாடன் வெடிச்சு, அதோட சாம்பல் ஜப்பான் மீன்பிடிப் படகு ஒண்ணு மேல கொட்டி, ரேடியோ ஆபரேட்டர் குபோயாமா செப்டம்பர்ல செத்துப்போனார், அந்த நவம்பர்ல காட்ஜில்லா ரிலீஸ். அந்தப் பிராணி எந்தக் குண்டுக்குப் பயந்து பொறந்துச்சோ அந்தக் குண்டு செஞ்ச இடத்துக் கணக்குதான் இன்னைக்கு அது நீந்துற தண்ணிய வரையுது. 2005ல ஷூ, பிரிட்சன்னு ரெண்டு பேர் அத கம்ப்யூட்டர் கிராபிக்ஸுக்குள்ள கொண்டுவந்தாங்க, அந்தக் கட்டுரையோட தலைப்பே மணல தண்ணி மாதிரி அசைய வைக்கறதப் பத்திதான்.

நம்ம ஊர்ல ஆராய்ச்சிக்கு பணம் கேட்டா முதல் பக்கத்துலயே இதனால சமூகத்துக்கு என்ன பயன்னு அஞ்சு வரில எழுதுங்கறாங்க. 1986ல அந்த ஃபார்ம குடுத்திருந்தா அவங்க சினிமானு எழுதியிருப்பாங்களா? எனக்கு எரிச்சல் அது மட்டுமில்ல, இவ்ளோ அழகான கணக்குக்கு இவ்ளோ வருஷம் பொறுமையா காசு குடுக்க உலகத்துல குண்டு செய்யற இடத்தால மட்டும்தான் முடிஞ்சிருக்கு.

சரி, ரெண்டாவது வேலை. ஃப்ளிப் கூட 10 சென்டிமீட்டர் பிரச்சனைய தீர்க்காது, அதுக்கு ஏமாத்துதான் வழி. தண்ணியோட மேற்பரப்பு எங்க வேகமா, எங்க கூர்மையா வளையுதோ அங்க தண்ணி உடையப்போகுதுனு அர்த்தம், அந்த இடமாப் பாத்து பொடித்துகள்கள கொட்டி விடுவாங்க. அதுங்க ஒண்ணோட ஒண்ணு மோதாது, அழுத்தம் கிடையாது, புவியீர்ப்பும் காத்தோட இழுப்பும் மட்டும்தான், அதனால கோடிக்கணக்குல போட்டாலும் மெஷின் தாங்கும். தண்ணிக்குள்ள விழுந்தா நுரை, மேலயே நின்னா மூட்டம். எவ்ளோ போடணும், எங்க நிறுத்தணும்ங்கறது ஃபார்முலால வராது, நிஜக் கடல மணிக்கணக்கா பாத்திருக்கணும்.

மைனஸ் ஒன்ல இந்தத் தண்ணிய பண்ணது தத்சுஜி நோஜிமா, அப்ப அவருக்கு 25 வயசு. அவர் பண்ணிக் காட்டுன அலைகளப் பாத்துட்டுதான் யமாசாகி கடல் காட்சிகளயே கூட்டுனாராம். கண்ணிவெடி எடுக்கற மரப்படக காட்ஜில்லா துரத்துற சீன் இருக்கே, அதுல படகும் நடிகர்களும் நிஜக் கடல்ல, பின்னாடி வர்றது மட்டும் கம்ப்யூட்டர். நிஜ அலை முடிஞ்சு கணக்கு அலை தொடங்குற கோட்ட நான் திரும்பத் திரும்ப நிறுத்திப் பாத்தேன், காட்ஜில்லா முகத்துக்கு முன்னாடி மூட்டம் அடர்த்தியா இருக்கு, தோள்லேந்து வழியற தண்ணி முதல்ல தகடு மாதிரி இறங்கி பாதி வழியிலயே பொடியாகுது, கோடு கிடைக்கவே இல்ல. ஆனா அதோட நடைல மட்டும் பழைய ரப்பர் சூட்டோட விறைப்ப விட்டு வச்சிருக்காங்க. அது வேணும்னே பண்றது, 2016ல வந்த ஷின் காட்ஜில்லாவும் முழுக்க கம்ப்யூட்டர்தான், ஆனா அசைவுக்கு நோமுரா மன்சாய்ங்கற கியோகன் நாடகக் கலைஞர கூப்பிட்டு மோஷன் கேப்சர் எடுத்தாங்க, அதாவது அவர் அசையறத கம்ப்யூட்டர்ல பதிஞ்சு காட்ஜில்லாவுக்குக் குடுத்தாங்க. மனுஷன் உள்ள இருக்கற மாதிரி தெரியணும், தண்ணி மட்டும் கடலா இருக்கணும்.

இன்னொண்ணு, வாட்ஸ்அப்ல மாசம் ஒண்ணாவது வருது, நடுக்கடல்ல பூதம் எழும்புச்சு, ராட்சச பாம்பு தலையத் தூக்குச்சு, யுகம் முடியப்போகுது பத்து பேருக்கு அனுப்புனு. அடுத்த தடவை அனுப்பறவங்ககிட்ட சண்டை போடாதீங்க, வீடியோவ நிறுத்தி அதோட தலைலேந்து ஒழுகுற தண்ணியப் பாருங்க. 50 மீட்டர்னு சொன்னா அது கீழ வர 3 வினாடிக்கு மேல ஆகணும். அது சரியா இருந்தா துளிய பாருங்க, அதோட கண்ணுக்குப் பக்கத்துல ஒரு துளி அந்தக் கண்ணுல பாதி சைஸ் இருந்துச்சுனா பூதத்தோட மொத்த உயரம் உங்க முழங்காலுக்குக் கீழதான்.