உயில் எழுதாவிட்டால் வீடு யாருக்குப் போகும்?

என் பெரியப்பா ஒரு நாற்பது பக்க நோட்டில் தன் சொத்துக் கணக்கை எழுதி வைத்திருந்தார். கீழ் வீடு பெரியவனுக்கு, மாடி சின்னவளுக்கு, பேங்கில் இருப்பது பெரியம்மாவுக்கு. அடியில் தேதி போட்டு, தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். அவர் போன பிறகு பீரோவிலிருந்து அதை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனோம். அவர் நேராகக் கடைசிப் பக்கத்துக்குத்தான் போனார். "எல்லாம் தெளிவா எழுதியிருக்கார். ஆனா இது உயில் இல்லைங்க" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சாட்சிக் கையெழுத்து ஒன்றுகூட இல்லை.

பெரியம்மாவும் பிள்ளைகளும் ஒத்துப்போகிறவர்கள் என்பதால், நோட்டில் இருந்தபடியே பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டுக்கொண்டார்கள். அதற்கான செலவும் அலைச்சலும் தனிக்கதை. ஒருவர் முறுக்கிக்கொண்டிருந்தால் அந்த நோட்டுக்கு ஒரு மதிப்பும் இருந்திருக்காது.

'நமக்கு எதுக்கு உயில், என்ன பெரிய எஸ்டேட்டா வச்சிருக்கோம்' என்பதுதான் பல வீடுகளில் பேச்சு. ஆனால் பார்க்க வேண்டியது சொத்தின் அளவை அல்ல. நாம் எதுவும் எழுதாமல் போனால் சட்டம் ஒரு பட்டியலைக் கையில் எடுக்கிறது. அந்தப் பட்டியலில் இருப்பவர்களும் நம் மனதில் இருப்பவர்களும் ஒரே ஆட்கள்தானா என்பதுதான் கேள்வி.

இந்துக்களுக்கு அந்தப் பட்டியல் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. (பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் இதுவே.) ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள், ஆளுக்கு ஒரு சம பங்கு. அவருக்கு முன்பே இறந்துபோன மகன் அல்லது மகள் இருந்தால், அந்த மகனின் மனைவியும் பிள்ளைகளும், அந்த மகளின் பிள்ளைகளும் அந்தப் பங்குக்கு வருவார்கள். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, சீர் செய்தாயிற்றா என்று சட்டம் கேட்காது. தந்தை முதல் வகுப்பில் இல்லை, இரண்டாம் வகுப்பில்தான் வருகிறார். 'எனக்குப் பிறகு எல்லாம் என் மனைவிக்குத்தானே' என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஆண்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் தன் சம்பாத்தியத்தில் வீடு கட்டுகிறார். மனைவி, இரண்டு பிள்ளைகள், விதவையான தாய். நாற்பத்தைந்து வயதில் திடீரென்று இறந்துவிடுகிறார். வீடு நான்கு பங்காகிறது. தாய்க்கு நான்கில் ஒன்று. இதில் யாருக்கும் வருத்தம் இருக்காது. சில வருடம் கழித்து அந்தத் தாயும் எதுவும் எழுதாமல் இறக்கிறார். அவருக்கு இன்னொரு மகனும் ஒரு மகளும் இருக்கிறார்கள். தாயின் கால் பங்கு இப்போது மூன்றாகப் பிரிந்து, சித்தப்பாவுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு, அத்தைக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு, மிச்சம் பேரப்பிள்ளைகளுக்கு. வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ போனால் இத்தனை பேரின் கையெழுத்தும் வேண்டும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ஆனாலும் பத்திரம் சிக்கலாகிவிட்டது. இருவரில் ஒருவர் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தால் இது நடந்திருக்காது.

பெண்களின் சொத்தில் விஷயம் இன்னும் கடுமை. ஓர் இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால் முதலில் பிள்ளைகளும் கணவரும். அவர்கள் இல்லையென்றால் அடுத்து யார்? பெற்ற தாய் தந்தை அல்ல, கணவரின் வாரிசுகள். தாய் தந்தையிடமிருந்து வந்த சொத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு: பிள்ளைகள் இல்லாவிட்டால் அது தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். சொந்த உழைப்பில் சேர்த்ததற்கு அந்த விலக்கு இல்லை.

2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இதற்குச் சாட்சி. அந்தப் பெண்ணுக்கு 1955-இல் திருமணம். மூன்றே மாதத்தில் கணவர் பாம்பு கடித்து இறந்துபோகிறார். புகுந்த வீட்டார் விரட்டிவிட, பிறந்த வீட்டுக்கு வந்து, அவர்கள் படிக்க வைத்து, வேலைக்குப் போய்ச் சேமித்து, 1996-இல் உயில் எழுதாமல் இறக்கிறார். அவருடைய பேங்க் கணக்கையும் வருங்கால வைப்பு நிதியையும் தாய் கேட்டார். கணவரின் அக்கா தங்கை வழிப் பிள்ளைகளும் கேட்டார்கள். இரக்கம் வேறு, சட்டம் வேறு என்ற நிலைதான் எடுக்கப்பட்டது. பணம் கணவர் வீட்டுப் பக்கம் போனது. அதனால் என்னைக் கேட்டால், சம்பாதிக்கிற, பிள்ளை இல்லாத ஒரு பெண் உயில் எழுதாமல் இருக்கவே கூடாது. கணவர் உயிரோடு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்: கணவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் பிள்ளைகளுக்கு. அவர்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. திருமணத்துக்கு முன் எழுதிய உயில், திருமணம் ஆனதும் செல்லாமல் போய்விடும். மறுபடி எழுத வேண்டும். முஸ்லிம்கள் தங்கள் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் மூலம் தர முடியாது, தர வேண்டுமானால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

சரி, 'பேங்கில் நாமினி போட்டிருக்கிறேனே, அது போதாதா' என்று ஒருவர் கேட்பார். நாமினி என்பவர் பணத்தைக் கையில் வாங்கிக்கொள்பவர். பேங்க் அவரிடம் கொடுத்துவிட்டுத் தன் பொறுப்பை முடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்தப் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பதை உயிலோ வாரிசுச் சட்டமோதான் சொல்லும். ஷேர்களிலும் அப்படித்தான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்ஷூரன்சில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் சட்டத்தின் வாசகம் அவர்களுக்குச் சாதகமாக இருக்கிறது. 2025 நவம்பர் 1 முதல் பேங்க் டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். போடுங்கள், பணம் சீக்கிரம் வெளியே வரும். ஆனால் நாமினி ஒருவர், உயிலில் இன்னொருவர் என்று வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

எழுதுவது கஷ்டமே இல்லை. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். முத்திரைக் கட்டணம் கிடையாது. தமிழிலேயே எழுதலாம். பதினெட்டு வயது நிரம்பி, நல்ல நினைவோடு இருந்தால் போதும். ஆவண எழுத்தர்கள் "யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி மனப்பூர்வமாக எழுதி வைக்கும் உயில் சாசனம் என்னவென்றால்" என்று ஒரே மூச்சில் ஆரம்பிப்பார்கள். அந்த நடை வராவிட்டால் பரவாயில்லை. யாருக்கு, எது, எவ்வளவு என்பது மட்டும் இரண்டு அர்த்தம் இல்லாமல் இருக்க வேண்டும். 'என் நிலம்' என்று எழுதாமல் கிராமம், சர்வே எண், பட்டா எண், பத்திர எண் என்று எழுதுங்கள். பூர்வீகச் சொத்தாக இருந்தால் உங்கள் பங்கை மட்டும்தான் எழுத முடியும். அண்ணன் தம்பி பங்கையும், பிறப்பால் பிள்ளைகளுக்கு வந்த பங்கையும் சேர்த்து எழுதி ஒரு பயனும் இல்லை.

உயிலின் உயிரே சாட்சிகளிடம்தான் இருக்கிறது. குறைந்தது இரண்டு பேர். நீங்கள் கையெழுத்துப் போடுவதை, அல்லது 'இது நான் போட்டதுதான்' என்று நீங்கள் சொல்வதை ஒவ்வொருவரும் நேரில் பார்த்து, கேட்டு, உங்கள் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு வழக்கு வந்தால் அவர்களில் ஒருவராவது கோர்ட்டில் வந்து அதைச் சொல்ல வேண்டும். ஆகவே உங்களைவிட வயதில் இளையவராக, ஊரை விட்டுப் போகாதவராகப் பாருங்கள். எண்பது வயது நண்பரைச் சாட்சி போட்டால், அவர் முந்திக்கொள்ளலாம். சொத்து பெறுகிறவரையும் அவருடைய துணையையும் சாட்சியாகப் போடாமல் இருப்பது எல்லாருக்குமே நல்லது. கிறிஸ்தவர்கள் விஷயத்தில் அப்படிப் போட்டால் சொத்து பெறுகிறவருக்கு எழுதியது செல்லாமலே போகும்.

இன்னொன்று. பலன் பெறும் பிள்ளையே முன்னின்று வக்கீலைப் பிடித்து, அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் எழுதி வாங்கினால், அதுவே சந்தேகத்துக்கு இடமாகும். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டிய பொறுப்பு உயிலைக் காட்டுபவருடையது என்று உச்ச நீதிமன்றம் 1959-இலேயே சொல்லிவிட்டது. ஒரு பிள்ளைக்குக் குறைவாகவோ ஒன்றுமே இல்லாமலோ எழுதுகிறீர்கள் என்றால், ஏன் என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். 'அவனுக்கு 2011-இல் கடை வைக்கப் பணம் கொடுத்துவிட்டேன்' என்ற வரி பின்னால் பல வருட வழக்கைத் தவிர்க்கலாம்.

பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனாலும் நான் பதிவு செய்யத்தான் சொல்வேன். பதிவானதாலேயே உயில் உண்மையாகிவிடாது, ஆனால் 'இப்படி ஒன்று எழுதவே இல்லை' என்று சொல்வது கடினமாகும். பதிவான உயில் சார்பதிவாளர் அலுவலகத்தில் 3-ஆம் புத்தகத்தில் (உயில்களுக்கான பதிவேடு) ஏறுகிறது. நீங்கள் இருக்கும்வரை நீங்களோ உங்கள் முகவரோ தவிர வேறு யாருக்கும் நகல் கிடையாது.

பயந்து தள்ளிப் போடுகிறவர்கள் உயிலையும் செட்டில்மென்ட்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். செட்டில்மென்ட் எழுதினால் சொத்து அன்றைக்கே கைமாறும். நினைத்தால் திரும்ப வாங்க முடியாது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிள்ளைகள் கைவிட்டால் மட்டும் மூத்த குடிமக்கள் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ரத்து கேட்கலாம். உயில் அப்படியல்ல. கடைசி மூச்சு வரை வீடு உங்களுடையதுதான். விற்கலாம், மனம் மாறினால் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம். எத்தனை எழுதினாலும் கடைசியாக முறைப்படி எழுதியதுதான் செல்லும். அதனால் புதிதாக எழுதும்போது 'இதற்கு முன் எழுதிய உயில்களை ரத்து செய்கிறேன்' என்று ஒரு வரி போடுங்கள். பழைய தாளில் அடித்துத் திருத்தினால் அந்தத் திருத்தத்துக்கும் உங்கள் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். அதற்குப் புதிதாகவே எழுதிவிடலாம்.

எழுதாமல் இருக்கலாம் என்றும் சிலருக்குச் சொல்லலாம். ஒரே வாரிசு, ஒரே வீடு, சட்டத்தின் பட்டியலும் உங்கள் மனமும் ஒன்றே என்றால் அவசரமில்லை. இரண்டாம் திருமணம், தத்தெடுக்காமல் வளர்த்த பிள்ளை, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத மகனோ மகளோ, வெளிநாட்டில் பிள்ளைகள் என்று ஏதாவது இருந்தால் இந்த மாதமே உட்காருங்கள்.

அப்புறம், எழுதியதை எங்கே வைப்பது? பேங்க் லாக்கரில் வைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் போனால், அதைத் திறக்கவே குடும்பம் ஒரு சுற்று அலைய வேண்டும். விஷயம் வெளியே தெரியக் கூடாது என்றால் உறையில் போட்டு முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் வழி இருக்கிறது. இல்லையென்றால் வீட்டிலேயே பத்திரங்களோடு வைத்து, என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லாவிட்டாலும் எங்கே இருக்கிறது என்று நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.